இருநூறு ரூபாய்க்கு எத்தனை நாள்

பெட்ரோல் பம்பில் நிற்பவனை யாரும் நலம் விசாரிப்பதில்லை, விலையைத்தான் விசாரிப்பார்கள். செம்பூரில் ஒரு பம்பில் முப்பத்தொரு வருடம் குழாய் பிடித்தவன் நான். தாராவியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். படிப்பு எட்டாவது வரைக்கும்தான். விலையை ஏற்றுவதும் நான் அல்ல, இறக்குவதும் நான் அல்ல. ஆனால் வண்டி வைத்திருக்கும் உங்கள் எல்லாருடைய கோபமும் முதலில் வந்து விழுவது எங்கள் காக்கிச் சட்டை மேல்தான். அந்த வகையில் நாம் ஒரே படகில் இருக்கிறோம் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

காலை ஆறு மணி

முன்பெல்லாம் விலை எப்போதாவதுதான் மாறும். மாறுவதற்கு முதல் நாள் சாயங்காலமே வரிசை ரோடு வரை நிற்கும். பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்று ஏற்பாடு வந்தது. மெஷினில் தானாக மாறிவிடும். வாசலில் இருக்கும் பலகையில் தகர எண்களை மாற்றி மாட்டுவது என் வேலை. ஏழு பைசா ஏறினாலும் ஏணி போட்டு ஏற வேண்டும், நாலு பைசா இறங்கினாலும் ஏற வேண்டும்.

முதல் வாரம் எல்லாரிடமும் பேச்சுக் கேட்டேன். கோவண்டியிலிருந்து மொபெட்டில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு வருகிற மாடசாமி, எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன்தான், ஏணிக்குக் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டு கத்தினான்: "ஏன் அண்ணாச்சி, நான் மாவு அரைச்சு வச்சிட்டுப் படுத்தா காலைல மாவுதான் பொங்கும். உங்க பெட்ரோலுமா பொங்குது?"

நாலு கிலோமீட்டர்

விசாலம் டீச்சர் மாட்டுங்காவிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாலக்காட்டுக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது சிறியவராக இருக்கலாம். ஏழு பத்துக்கு வருவார், வண்டியை அணைப்பார், ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொள்வார். எப்போதும் இருநூறு ரூபாய்க்குத்தான். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு ஏன் ஏறித்து?" என்று கேட்டார்.

அன்று மத்தியானம் டேங்கர் ஓட்டி வரும் செல்வராஜைப் பிடித்து உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டேன். அடுத்த முறை டீச்சர் வந்தபோது தயாராக இருந்தேன். "கச்சா எண்ணெய் கப்பல்ல வருது டீச்சர். அதுக்கு டாலர்லதான் துட்டு குடுக்கணும். அங்க எண்ணெய் விலை ஏறினாலும் நமக்கு ஏறும், ரூபாய் இறங்கினாலும் நமக்கு ஏறும்" என்றேன். நான் பெண்களிடம் அவ்வளவு நீளமாகப் பேசி வருடக்கணக்கு ஆகியிருந்தது. அவர் மாகுல் பக்கம் தெரிந்த சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியைக் கையால் காட்டினார்.

"அதோ, நாலு கிலோமீட்டர்ல வடியற எண்ணெய்க்கு நான் அரபிக்கடல் தாண்டி வாடகை குடுக்கறேனாக்கும்!"

என் குற்றம்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கணக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டு ஒரு வரியை மறைக்கக் கூடாது. என் மனைவி இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. டீச்சர் நின்று பேசும் நேரம் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்காகவே ஒவ்வொரு காரணமாகத் தேடிப் பிடித்தேன். மத்திய அரசின் வரி ஒன்று, மாநில வரி ஒன்று, முதலாளிக்குக் கமிஷன், எங்கோ சண்டை, எங்கோ எண்ணெய் எடுப்பதைக் குறைத்துவிட்டார்கள். ஒரு தடவைக்கு ஒரு காரணம் வீதம் சிக்கனமாகச் சொல்வேன்.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். அவர் கொடுப்பது என்றைக்கும் இருநூறு ரூபாய். விலை குறைவாக இருந்தபோது எட்டு நாளுக்கு ஒரு முறை வந்தார். விலை ஏறியதும் அது ஏழு நாள் ஆயிற்று. பம்புக்கு வருகிற ஒவ்வொருவரும் விலை இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் இன்னும் ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்னை மன்னிக்க வேண்டும். பலகையில் எண் மாட்டிவிட்டு நான் இறங்குவதைப் பார்த்த மாடசாமிக்கு என்னவோ சந்தேகம் வந்துவிட்டது.

"ஊரே வயிறெரிஞ்சு நிக்குது, நீங்க மட்டும் சிரிச்சிட்டே இறங்குதியளே அண்ணாச்சி, பம்ப எழுதி வாங்கிட்டியளா?"

ரோடு காலியாக இருந்த மாதங்கள்

கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் மூடியது. ஆம்புலன்சும் போலீஸ் வண்டியும் தவிர யாரும் வரவில்லை. வெளிநாட்டில் கச்சா எண்ணெயை வாங்க ஆள் இல்லை, விலை அதல பாதாளத்துக்குப் போய்விட்டது என்று செல்வராஜ் சொன்னான். எங்கள் பலகையில் மட்டும் விலை இறங்கவில்லை. ஏன் என்று விசாரித்தேன். அங்கே விழுந்த அளவுக்கு இங்கே வரியை ஏற்றிவிட்டார்கள். இது நல்ல காரணம், டீச்சருக்குப் பிடிக்கும் என்று மனசுக்குள் எடுத்து வைத்தேன். பிசகாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகப் பஸ்ஸில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் இருக்கிறாரா இல்லையா என்று விசாரிக்கவும் எனக்கு வழி இல்லை. வீட்டு விலாசம் தெரியாது, போன் நம்பர் தெரியாது. என்ன உரிமையில் கேட்பது?

பல மாதம் கழித்து ஒரு காலையில் ஏழு பத்துக்கு அந்த ஸ்கூட்டர் உள்ளே வந்தது. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, அதுவே போதும். தலை நன்றாக நரைத்திருந்தது. "சௌக்கியமா இருக்கேளா?" என்று கேட்டார். நான், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "அங்க இறங்கின அளவுக்கு இங்க வரியை ஏத்திட்டாங்க டீச்சர்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்பது காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நான் உங்களைக் கேட்டேன் அண்ணாச்சி, விலையைக் கேக்கலே."

மூன்றாவது இலக்கம்

விலை நூறைத் தாண்டியது. எங்கள் பலகையில் புள்ளிக்கு முன்னால் இரண்டு எண்களுக்குத்தான் இடம். நூறு வரும் என்று பலகை செய்தவன் நினைத்திருக்கவில்லை. அட்டையை வெட்டிச் சிவப்பு மையால் ஒரு ஒன்று எழுதி ஓரத்தில் ஒட்டினேன். டீச்சர் ஆறு நாளுக்கு ஒரு முறை வர ஆரம்பித்தார். அதுதான் நான் பார்த்த நல்ல காலம்.

பிறகு ஒரு தடவை ஆறு நாள் ஆயிற்று, ஏழாயிற்று, எட்டும் ஆயிற்று, அவர் வரவில்லை. பதின்மூன்றாவது நாள் சத்தமே இல்லாமல் ஒரு பச்சை வண்டி உள்ளே வந்து, பெட்ரோல் வரிசையில் நிற்காமல், காற்றுப் பிடிக்கும் மூலைக்குப் போயிற்று. பேட்டரி ஸ்கூட்டர். ஓட்டி வந்தது விசாலம் டீச்சர். நான் ஒரு காருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், குழாயை விட்டுவிட்டு நகர முடியாது. காற்று அடித்துக்கொண்டு போகும்போது என் பக்கத்தில் நிறுத்தி, எனக்குச் சந்தோஷச் செய்தி சொல்வது போல உற்சாகமாகச் சொன்னார்:

"நீங்க சொன்ன காரணம் ஒவ்வொண்ணையும் யோசிச்சுப் பார்த்தேன் அண்ணாச்சி, ஒண்ணுகூடத் தீர்ந்து போறதா இல்லே. அதான் இதை வாங்கிட்டேன்!"

காற்று மூலை

காற்று அடிக்கும் ஆள் ஊருக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு யாரும் போக விரும்ப மாட்டார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் குந்தி எழுந்திருக்க வேண்டும், வெயில் நேரே முகத்தில் அடிக்கும். நான் போய் மேனேஜரிடம், எனக்குக் கொடுங்கள் என்றேன். முப்பத்தொரு வருடத்தில் நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. மங்களூர்க்காரர், என்னைக் காகா என்றுதான் கூப்பிடுவார். இடுப்பு ஒடிந்துவிடும் என்று, தன் இடுப்பைத் தட்டிக் காட்டிக்கொண்டு இந்தியில் சொன்னார்: "காகா, கமர் டூட் ஜாயேகி!"

அவர் கேட்ட காரணம்

பத்து நாளில் டீச்சர் வந்தார். அவர் வண்டிக்குக் காற்று அளவு முன் சக்கரத்தில் இருபத்திரண்டு, பின்னால் இருபத்தொன்பது. நான் மூடியைக் கழற்றிக் குந்தி உட்கார்ந்ததைப் பார்த்துப் பதறிப்போனார். "ஏன், உங்களை இங்கே தள்ளிட்டாளா?" என்றார். "இல்ல டீச்சர், நானேதான் கேட்டு வாங்கினேன்" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டார்.

கப்பல், டாலர், வரி, சண்டை எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. இந்தக் கேள்விக்கு மட்டும் யாரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளாமல் கையில் வைத்தபடி காத்திருந்தார். நான் மூடியைத் திருகினேன். அது எப்போதோ இறுகிவிட்டது, இருந்தும் திருகிக்கொண்டே இருந்தேன். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் வண்டியில் ஏறி, மெதுவாகச் சொன்னார்:

"சரி, அடுத்த தடவை சொல்லுங்கோ."

அந்த அடுத்த தடவை என்பது, காற்று சரியாக இருந்தால் பதினைந்து நாள், கொஞ்சம் குறைத்து அடித்திருந்தால் எட்டு நாள். இத்தனை வருடம் அளவு பிசகாத இந்தப் பாழாய்ப்போன கை அன்றைக்கும் பிசகவில்லை.