நடுக்கோட்டில் உட்கார்ந்தவர்

தொண்ணூறுகளின் நடுவில், தெற்கு ஆக்லாந்தில் இருந்த ஒரு ரக்பி கழகத்தின் அலுவலகத்தில் மூன்று வருடங்கள் வேலை செய்தேன். அந்தக் கழகம் இப்போது இல்லை. வேறொன்றோடு இணைந்து பெயரையும் இழந்துவிட்டது. மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலமும் கொழும்பில் பழகிய தட்டச்சும்தான் எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தன. ரக்பியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. நேர்முகத்தில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

என் கணவர் ஊரில் பொறியியலாளர். இங்கே மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த விண்ணப்பம் என் வேலையை நம்பித்தான் நின்றது. கழகம் என்னை நிறுத்தினால் எங்கள் கோப்பும் அதோடு போய்விடும். காலையில் அலுவலகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு என்னோடு உள்ளே வரும்.

ரக்பி அப்போதுதான் தொழிலாக மாறியிருந்தது. நேற்றுவரை பகலில் லாரி ஓட்டிவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் திடீரென்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அவர்களை நிர்வகிக்கப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். அமெரிக்காவில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியின் அலுவலகத்தில் சில வருடங்கள் இருந்தவர். அங்கிருந்து ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்திருந்தார். ஆட்டக்காரர்களின் நடத்தை விதிகள் அதில் இருந்தன. பயிற்சிக்குப் பிந்தி வந்தால் என்ன, பத்திரிகைக்காரரிடம் வாய் திறந்தால் என்ன, அணித் தேர்வைக் குறை சொன்னால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டனை. அதையெல்லாம் கழகத்தின் பெயர் போட்டு மறுபடி அடித்தவள் நான்தான்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அணிச் செய்தியைப் பத்திரிகைகளுக்கு ஃபாக்ஸில் அனுப்ப வேண்டும். யார் ஆடுகிறார், யாருக்கு என்ன காயம் என்று ஒரு பக்கம். மேலாளர் பென்சிலால் எழுதித் தருவார், நான் அடிப்பேன். தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர் மூன்று வாரம் ஆடக்கூடாது என்று அப்போது ஒரு விதி இருந்தது. அதனால் எங்கள் பட்டியலில் யாருக்கும் தலையில் அடிபட்டதே இல்லை. கழுத்துப் பிடிப்பு, காய்ச்சல், களைப்பு. இவைதான் வரும். ஏன் என்று எனக்கு விளங்க ஒரு பருவம் முழுக்க எடுத்தது. விளங்கிய பிறகும் அடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அணியின் முன்வரிசையில் இரண்டு பேர் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவர் பசிபிக் தீவு நாடான தொங்காவைச் சேர்ந்தவர். மூன்று பிள்ளைகளின் தகப்பன், தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். கதவை நிறைக்கும் உடம்பு. ஆனால் அலுவலகத்துக்குள் வரும்போது சேற்றுக் காலணியை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார். என்னை "சிஸ்டர்" என்று கூப்பிடுவார். மற்றவர் இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி. முப்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து அந்தக் கழகத்தில் ஆடியவர். எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் நாங்களும் அவரை மூத்தவர் என்றே எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அது அவருடைய கடைசிப் பருவம்.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணிக்காரரின் முழங்கால் மூத்தவரின் நெற்றிப்பொட்டில் மோதியது. தூக்கிக்கொண்டு போனார்கள். இடைவேளைக்குப் பிறகு திரும்ப இறக்கினார்கள்.

திங்கட்கிழமை ஒரு படிவத்தில் கையெழுத்திட என் மேசைக்கு வந்தார். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். பதினாறு வருடமாக வந்துபோகிற கட்டடம். காட்டினேன். போய்விட்டு வந்து, கழிவறை எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்டார். பேனாவைக் கையில் கொடுத்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ட பேர் எந்த எழுத்தில தொடங்கும்?" என்றார் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே.

பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் கண்ணைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினேன். அவர் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்துப் பிள்ளைகள் எழுதுவதுபோல மெல்ல எழுதினார்.

மறுநாள் மேலாளர் தந்த தாளில் மூத்தவரின் பெயருக்கு எதிரே "லேசான கழுத்துப் பிடிப்பு, ஆடுவார்" என்று இருந்தது. அடித்து அனுப்பினேன். ஒரு பிரதியை அறிவிப்புப் பலகையில் குத்தினேன். மதியம் தொங்காக்காரர் வந்து அதைப் படித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"சிஸ்டர், இந்தக் கழுத்தை யார் எழுதினது?"

"நான் அடிக்கிறது மட்டும்தான்" என்றேன்.

அவர் மேலாளரின் அறைக்குப் போனார். கதவு மூடியிருந்ததால் மேலாளரின் குரல் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது. "அந்தக் கோப்பில ஒரு விதி இருக்காம். அணித் தேர்வைப் பற்றி நான் கதைக்கக்கூடாதாம்" என்றார். பிறகு காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே படியிறங்கிப் போனார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் ஆட்டம். நுழைவாயிலில் சீட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு இருந்தது. அது முடிந்ததும் கணவரோடும் மகளோடும் வேலியோரம் நின்றேன். இரண்டு அணிகளும் இறங்கின. நடுவர் விசிலை வாயில் வைத்தார். அப்போது தொங்காக்காரர் நடுக்கோட்டுக்கு நடந்து போய், அதன்மேல் உட்கார்ந்தார். முழங்கால்களை மடக்கிக் கைகளை அவற்றின்மேல் போட்டுக்கொண்டார்.

காலணிக் கயிற்றைக் கட்டுகிறார் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். சிலர் சிரித்தார்கள். நடுவர் வந்து குனிந்து கேட்டார். தொங்காக்காரர் மூத்தவரைக் கையால் காட்டி என்னவோ சொன்னார். அவரை வெளியே எடுத்தால் எழும்புவேன் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. சிரிப்பு நின்றது, கூச்சல் எழுந்தது. யாரோ ஒரு பியர் டின்னை எறிந்தான். அது அவருக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. "எழும்பு, கோழை!" என்று என் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் கத்தினார். அவர் ஒவ்வொரு கிழமையும் என்னிடம் நலம் விசாரித்துவிட்டுச் சீட்டு வாங்குகிறவர்.

கடைசியில் மூத்தவரே அவரிடம் போனார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தொங்காக்காரரின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார்.

"என்னை ஏன் அவமானப்படுத்துறாய்? எழும்பு! நான் நல்லாத்தான் இருக்கிறேன்!"

மைதானம் முழுக்கக் கேட்டது. தொங்காக்காரர் எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். நடுவர் அவரை வெளியேற்றினார். மூத்தவர் ஆடினார். பிற்பாதியில் ஒருமுறை எதிரணி கூடி நின்ற வட்டத்துக்குள் போய் நின்றுவிட்டார். அவர்கள்தான் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் என் மகள் காரின் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் கேட்டாள். "அவர் ஒருத்தருக்கும் அடிக்கேல்லையே. ஏன் எல்லாரும் கத்தினவை?"

ஒழுங்கு விசாரணை வியாழக்கிழமை என்று முடிவானது. புதன்கிழமை பிற்பகல் மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னார். "உங்கள் விளக்கத்தைக் கவனமாகக் கேட்ட பின்னர், ஒப்பந்தத்தை உடனடியாக முடித்துக்கொள்ள குழு தீர்மானித்துள்ளது." நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நாளைய தேதியைப் போடு" என்றார்.

போட்டேன். உறையில் இட்டு என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

வியாழன் காலை தொங்காக்காரர் மனைவியோடும் அவர்கள் போதகரோடும் வந்தார். வெள்ளைச் சட்டை, டை, இடுப்பில் பின்னிய பாய். மதிப்புக்குரிய இடங்களுக்குப் போகும்போது அவர்கள் கட்டுவது அது. மூவரும் என் மேசைக்கு எதிரே கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள். அவர் என்ன பேசுவதென்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பக்கம். அதை உதடு அசையாமல் படித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"சிஸ்டர், நான் சொல்லுறதைக் கேட்பினமோ?" என்றார்.

இழுப்பறை என் முழங்காலுக்கு மேலே இருந்தது.

"கேட்பினம்" என்றேன்.

கால் மணி நேரத்தில் விசாரணை முடிந்தது. மேலாளர் கதவைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்துக் கொண்டுபோய்த் தொங்காக்காரரின் கையில் கொடுத்தேன். அவர் மனைவி உறையைப் பார்த்தாள், என் மேசையிலிருந்த கணினியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போதகர்தான் நன்றி சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமை அணிச் செய்தியில், இரு தரப்பும் மனமொத்துப் பிரிந்ததாக அடித்தேன்.

இரண்டு கிழமை கழித்துத் தொங்காக்காரரின் வழக்கறிஞர் தொலைபேசியில் வந்தார். அந்தக் கடிதம் எப்போது அடிக்கப்பட்டது என்று ஒரு கேள்வி. விசாரணைக்கு முதல் நாளே அடித்தது என்று நான் எழுதிக் கொடுத்தால் போதும், வேலைநீக்கத்தை எதிர்த்துப் போடும் வழக்கு எடுபடும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நீர் வாயைத் திறக்காதேயும். நாங்கள் இன்னும் பேப்பர் கிடைக்காத ஆக்கள்."

"அவருக்கும் மூண்டு பிள்ளையள்."

"அந்தாள் இஞ்ச இருக்கலாம். எங்களைத்தான் பிளேனில ஏத்தி அனுப்புவாங்கள். எங்க அனுப்புவாங்கள் எண்டு தெரியும்தானே? பிள்ளையைக் கொண்டு அங்க போவமோ?"

ஊரில் அப்போது நடந்துகொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். எனக்கும் அதே பயம்தான். அவர் சொன்னதால்தான் பேசாமல் இருந்தேன் என்று இத்தனை வருடம் கழித்து எழுதினால் அது பொய். மறுநாள் நானே வழக்கறிஞரை அழைத்து, தேதி நினைவில்லை என்றேன். நினைவில்லையா என்று அவர் இரண்டாம் முறை கேட்டார். இல்லை என்றேன். அவர் தொலைபேசியை வைத்த சத்தம் மரியாதையாகத்தான் இருந்தது.

மூத்தவர் இன்னும் மூன்று ஆட்டம் ஆடினார். பிறகு ஒரு பயிற்சியின்போது யாரும் தொடாமலேயே விழுந்தார். மருத்துவமனையில் பல நாள் கிடந்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பழையது நினைவிருந்தது, அன்றன்றையது நினைவில் தங்கவில்லை. வடக்கே இருந்த அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஒரு பிரியாவிடை விழா வைத்தார்கள். மேலாளர் நன்றாகப் பேசினார். அழைப்பிதழை நான்தான் அடித்தேன்.

எங்களுக்கு வதிவிடம் கிடைத்தது அடுத்த வருடம். கடிதம் வந்த அன்று கணவர் கேக் வாங்கி வந்தார். மகள் துள்ளினாள். நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அந்தக் கிழமையே வழக்கறிஞருக்குப் போன் பண்ணினேன். இப்போது நினைவு வந்துவிட்டது, எழுதித் தருகிறேன் என்றேன். வழக்கு எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது என்றார் அவர். சாட்சி இல்லாமல் போனதால் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து மனுரேவாவில் தொங்காக்காரரின் வீட்டைத் தேடிப் போனேன். தனியாகத்தான் போனேன். மனைவி கதவைத் திறந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அவரைக் கூப்பிட்டாள். அவர் முற்றத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார். தெற்கே புக்கெகோஹி என்ற ஊரில் ஒரு வெங்காயம் பொதி செய்யும் கொட்டகையில் வேலை என்றார். வேறு கழகம் எதுவும் எடுக்கவில்லையாம். நடுக்கோட்டில் உட்கார்ந்தவனை எவர் எடுப்பார் என்றார். அதில் கசப்பு இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை, நாளைய தேதி, இழுப்பறை, வழக்கறிஞரிடம் சொன்ன பொய். எங்கள் விண்ணப்பத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போதே அது சாக்குப்போக்காகக் காதில் விழுந்தது.

மனைவிதான் கதவடியில் நின்று கேட்டாள்.

"இப்ப உங்களுக்கு பேப்பர் கிடைச்சிட்டுது, அப்படித்தானே?"

"ஓம்."

"அதுக்குப் பிறகுதான் வந்திருக்கிறியள்."

"ஓம்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் மட்டும் நின்றார். மூத்தவரைப் போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். மாதம் ஒருமுறை காரில் போவதாகச் சொன்னார். இரண்டு பேரும் வராந்தாவில் இருந்து கடலைப் பார்ப்பார்களாம். அந்த ஆட்டம் மூத்தவருக்கு நினைவில் இல்லை. இவரைத் திட்டியதும் நினைவில் இல்லை.

"அது நல்லதுதான், சிஸ்டர். என்னோட கோபமா இருந்தது அவருக்குத் தெரியாது" என்றார். பிறகு, "நீங்க வந்தது சரி. ஆனா இனி வர வேண்டாம். இவளுக்குக் கஷ்டம்" என்றார்.

நான் காருக்குப் போனேன். அவர் வாசல்வரை வந்து, தெருவில் வண்டி வருகிறதா என்று பார்த்து, வெளியே எடுக்கக் கை காட்டினார்.

அந்தப் பருவம் முடிந்ததும் வேலையை விட்டேன். காரணம் கேட்டதற்கு வீட்டுச் சூழ்நிலை என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். கணவரோடு இதைப் பற்றிப் பிறகு ஒருமுறைகூடக் கதைத்ததில்லை. மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். மூத்த பேரன் பள்ளி ரக்பி அணியில் ஆடுகிறான். ஆட்டத்துக்கு வரச்சொல்லி அவன் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.