தைத்துக் கொடுத்த சட்டை

பிள்ளைகளே, நான் ஆட்டோ ஓட்டிய தொண்ணூறுகளில், மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டு வாசலில் ஓர் அம்மா ஏறினார். நரைத்த தலை, ஒடிசலான உடம்பு. வழி முழுக்க அழுதபடி முந்தானை ஓரத்தை நீவிக்கொண்டே வந்தார்.

“ஏம்மா அழுவுற?” என்றேன்.

“எம்புள்ளைக்கு ஆயுள் தண்டனை நைனா. அப்பீல் போட்டுக்கீறோம். செத்தவன்தான் மொதல்ல கத்தியால கீச வந்தான். சட்டைதான் கிழிஞ்சிது. உயிருக்குப் பயந்து இவன் கட்டையால அடிச்சிட்டான்.”

“அந்தச் சட்டையக் காட்டலாமே?”

“கிழிஞ்ச சட்டையோட ஸ்டேஷனுக்குப் போவக்கூடாதுன்னு நான்தான் தொவச்சித் தச்சுக் குடுத்தேன். எப்பக் கிழிஞ்ச சட்டையோன்னு கோர்ட்டுல தள்ளிட்டாங்க. அப்பீலும் நிக்காதுன்னு வக்கீல் இப்ப கைய விரிச்சிட்டாரு.”

உங்கள் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள்.

வடபழனியில் அவரை இறக்கிவிட்ட பின், கண்ணாடிக்கு மேலிருந்த முருகன் படத்தை மறுபக்கம் திருப்பி வைத்தேன்.