கம்ப்யூட்டருக்குப் போட்ட போர்வை

எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுசு கிடையாது. மரக்காணத்தில் புது சைக்கிள் வாங்கினால் அடுத்த தீபாவளிக்குள் செயின் கவர் பொத்தலாகிவிடும். ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, பீரோ கால் என்று உப்புக்காற்று எதையும் விடாது. அதனால் சீரில் வந்த மிக்ஸியிலிருந்து டிவி வரைக்கும் எல்லாவற்றையும் பாலித்தீன் போட்டு மூடித்தான் வைத்திருப்போம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், "என்னங்க, வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும், எங்கள் பாடு எங்களுக்கு.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் 2005ஆம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நான் அப்போது பாண்டிச்சேரியில் ஒரு அச்சகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே புது மெஷின்கள் வாங்கியபோது, கழித்துப் போட்டதில் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். எனக்கென்ன கசக்குமா? கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை என்று வீட்டிலும் அடிக்க ஆரம்பித்தேன். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன். வந்ததும் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவேன். இருக்கிற சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே தின்பேன்.

என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. கோழி கூப்பிடுவதற்கு முன்னால் உப்பு வாரப் போய்விட்டு, வெயில் ஏறியதும் திரும்பிவிடுவார். நான் வருகிற நேரத்துக்குப் பாயில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். பாவம், அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாரே என்று எழுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முகம் பார்த்துப் பேசிக்கொள்வோம்.

அவர் ஐந்தாவது வரைக்கும் படித்தவர். டீக்கடையில் தமிழ்ப் பேப்பரை ஒரு விளம்பரம் விடாமல் வாசிப்பார். ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார். "எல்லாம் இங்கிலீஷா இருக்குது. நான் எதையாவது அமுக்கி அது அவுட் ஆயிட்டா, நீ என்னக் கொன்னுடுவ" என்பார். கொன்றுதான் இருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது தெருவுக்கே தெரியும்.

அச்சகத்தில் கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர் ஒருநாள் சி.டி. ஒன்று கொடுத்தார். "லினக்ஸும்மா. புது சிஸ்டம். மெனு எல்லாம் தமிழ்லயே வருது. வூட்ல போட்டுப் பாரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது இதைச் சொன்னேன். இவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"தமிழ்லன்னா, நானே படிக்கலாமா?"

"படிக்கலாம், அடிக்கலாம், எல்லாம் பண்ணலாம் மாமா."

"அப்ப எனக்குக் கத்துக் குடு புள்ள. நானே ஒக்காந்து ஒன்னு அடிக்கணும்."

"என்னா அடிக்கணும்?"

"அடிக்கும்போது பாரேன்."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். எவ்வளவு கிண்டியும் சொல்லவில்லை.

என் வேலைக்கெல்லாம் அச்சகத்தில் ஒரு பிரதி இருந்தது. அதனால் தைரியமாகப் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். சி.டி. உள்ளே போவதற்கு முன்னால் இவர் ஓடிப்போய்ப் பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். திரையில் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. எல்லாம் முடிந்து தமிழ் எழுத்து தெரிந்ததுதான் தாமதம், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சத்தம் போட்டுப் படித்தார். "கோப்பு... திருத்து... உதவி... வெளியேறு." அங்கே நின்றார். "என்னா புள்ள, வூட்ட வுட்டுத் தொரத்துற மாதிரி வெளியேறுங்குது? ஒரு 'ங்க' சேத்துப் போட்டா என்னா கொறஞ்சிடும்?"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் தமிழ் எழுத்தைத் துண்டுத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு வெடித்த அவர் விரல் ஒன்றை வைத்தால் இரண்டு கட்டை அமுங்கும். ஆனாலும் "அம்மா" என்று அடித்துவிட்டு, ஊரையே வாங்கிவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

மறுநாள் நான் வந்தபோது முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் அடித்துக்கொண்டிருக்கும்போதே படக்கென்று அணைந்துவிட்டதாம். நான் போட்டுப் பார்த்தேன். தூங்கப் போகிற வரைக்கும் ஜம்மென்று ஓடியது. அதற்கு அடுத்த நாளும் அதே கதை. எனக்கு ஓடுகிறது, அவருக்கு அணைகிறது. வரவர இன்னும் சீக்கிரமாக அணைகிறது.

"என் கை உப்புக் கை புள்ள" என்றார் அவர். "நான் தொட்ட இரும்பு எது வெளங்கியிருக்குது? எத்தன வாட்ச் கட்டுனேன், ஒன்னாவது ஒழுங்கா ஓடுச்சா?"

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தார். பிறகு எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தார். வெடிப்பில் பட்டு எரிந்திருக்காதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக நான் லினக்ஸைத் திட்டித் தீர்த்தேன். அச்சகத்து அண்ணனும், "பழைய மெஷினுக்கு ஒத்துக்கல போலம்மா. முன்னாடி இருந்ததையே திருப்பிப் போட்டுடு" என்று சொல்லிவிட்டார்.

பழையது வந்தால் இங்கிலீஷும் வந்துவிடும். அதற்கப்புறம் இவர் எங்கே உட்காருவது? தயங்கித் தயங்கித்தான் சொன்னேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம் என்று.

"சரி" என்றார். பாயை விரித்துக்கொண்டே, "நமக்கெதுக்குப் புள்ள அதெல்லாம்" என்றார். வாழ்க்கையில் இந்த மனுஷன் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை அச்சகத்தில் கரண்ட் இல்லை என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வாசற்கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே இவர் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மானிட்டரும் கீபோர்டும் மட்டும் வெளியே தெரிந்தன. கீழே இருந்த சிபியு பெட்டியைக் காணோம்! காலையில் நான் மூடிவிட்டுப் போன பாலித்தீன், அதற்கு மேல் யூரியா மூட்டையின் உள்பை, அதற்கும் மேல் ஒரு பழைய லுங்கி, எல்லாவற்றையும் சுற்றி இறுக்கிக் கட்டிய கயிறு.

"அய்யோ மாமா, என்னா இது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "மத்தியானக் காத்து பூரா உப்பு. நான் வேற உப்பு. ரெண்டும் சேந்து உள்ள பூந்துட்டா? அதான் கட்டி வெச்சேன். அணைய அணைய இன்னும் ஒன்ன மேல சேத்துக் கட்டுறேன். அப்பவும் அணையறது நிக்க மாட்டேங்குது."

அணைந்த பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, என் பாலித்தீனை மட்டும் பழையபடி மூடிவிடுவாராம். நான் போடும்போது முதல் வேலையாக அதை உருவிப் போட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவேன். அது என் கைப் பழக்கம். அதை அவரிடம் சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. இப்போது லுங்கி மேல் கை வைத்துப் பார்த்தேன். இட்லிப் பானை மாதிரி கொதித்தது.

"மூச்சு முட்டி சாவுது மாமா அது! பின்னாடி ஃபேன் சுத்துது, காத்து வேணாமா? மழைக்கு மூடி வெக்க இது என்னா உப்பு அம்பாரமா?"

கயிற்றை அவிழ்த்து எறிந்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு, "அப்ப என் கையால இல்லியா?" என்று கேட்டார்.

எலுமிச்சை வாசம் அடித்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். "கையாலயும் இல்ல, காலாலயும் இல்ல. நீங்க அடிங்க" என்றேன்.

அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அது அணையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழையதைத் திருப்பிப் போடவும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போல வந்தேன். பையை இறக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரைக்கு நடுவில் புதிதாக ஒரு கோப்பு இருந்தது. திறந்தேன்.

"சங்கரா மீன் கொளம்பு வெச்சி இருக்கேன். மொதல்ல சாப்புடு. பஸ்ல நின்னுகினே வந்து இருப்ப. கொஞ்சம் காலு நீட்டி ஒக்காரு. நான் தூங்கல. முழிச்சிகினுதான் இருக்கேன். தெனமும்."

திரும்பிப் பார்த்தேன். பாயில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தார். இமை துடித்தது.

"இத ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சிருக்கலாமே மாமா? இதுக்கா இந்தப் பாடு?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீ வந்ததும் மொதல்ல அதோட மூஞ்சியத்தான பாக்குற. அதான் அங்க வெச்சேன்."

நான் பையை இறக்கி ஆணியில் மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். அடுப்படிக்குப் போய் இரண்டு தட்டு எடுத்து வந்து, அவர் பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.