மூத்திரப்பையில் ஒரு மூச்சு

சத்தத்தைப் பற்றி முதலில் கேட்டவள் தங்கை மலர். குளியலறைக் கதவைத் தட்டி, "அக்கா, உள்ள யாரு?" என்றாள்.

"நான் மட்டும்தான் லா, வேற யாரு?" என்றாள் தாமரை.

அவளுக்கும் கேட்டிருந்தது. சிறுநீர் நின்ற பிறகு, யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல. அது தன் உடம்பிலிருந்து வருகிறது என்பதை அவள் சொல்லவில்லை.

தாமரைக்கு ஐம்பத்தேழு வயது. மலேசியாவில், கிள்ளான் நகரில் பத்தொன்பது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகளை ஏற்றிவிட்டால் நடுவில் எங்கும் நிறுத்தமாட்டாள். வயிறு முட்டினாலும் அடக்கிக்கொள்வாள். இனிப்புநீர் என்ற சர்க்கரை நோய்க்கான மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள்.

கிளினிக்கில் சிறுநீர்க் கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். சத்தம் நிற்கவில்லை. அடிவயிற்றைத் தொட்டால் பிளாஸ்டிக் பை கசங்குவதுபோல் விரலுக்கடியில் ஏதோ சரசரத்தது.

"யாரோ உன்மேல எதையோ ஏவிவிட்டிருக்காங்கக்கா" என்று மலர் மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள். தாமரை மறுக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகும் வேனில் தான் தனியாக இல்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

சத்தம் கேட்ட ஒன்பதாம் நாள் காலையில் சிறுநீர் ரத்தமாகப் போனது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. மலர் அவளைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் பரமேஸ்வரன் வயிற்றை அழுத்தினார். கையை எடுக்காமலே கேட்டார்: "ஆன்டி, ஒண்ணுக்குப் போறப்ப காத்து வருதா?"

தாமரை அழுதுவிட்டாள்.

எக்ஸ்ரே படத்தில் இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது.

"இதுதான் உங்க மூத்திரப்பை. சுவரு வீங்கி, உள்ளெல்லாம் காத்து. கிருமி உங்க சர்க்கரையைத் தின்னுட்டுக் காத்து விடுது. ரொம்ப அபூர்வம். இன்னும் விட்டிருந்தா பை கிழிஞ்சிருக்கும்."

"அப்ப உள்ள உயிரோட ஒண்ணு இருக்குதானே?"

"கிருமி ஆன்டி. உயிரோடதான் இருக்கு."

குழாய் போட்டார்கள். நரம்பில் மருந்து ஏற்றினார்கள், இன்சுலின் ஊசி போட்டார்கள். சிறுநீர்க் குழாயில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து, கட்டிலில் தொங்கிய பைக்குள் இறங்கின. பகல் முழுக்க அவற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் ஒரு குமிழியும் வரவில்லை. பதினொன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

அடுத்த மாதம் மறுபடி வேன் எடுத்தாள். ஊசியை ஒருநாளும் விடுவதில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது புதுப் படத்தைக் காட்டச் சொன்னாள். இடுப்பெலும்புகளுக்கு நடுவே வெறும் சாம்பல் நிறம்.

"எங்க போச்சு டாக்டர்?"

"செத்துப்போச்சு ஆன்டி. நீங்க வீட்டுக்குப் போங்க."

தாமரை உடனே எழுந்திருக்கவில்லை. அந்தச் சாம்பல் நிறத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.