ஏழு வயது அரசனும் பதினொரு மாதப் பிள்ளையும்

கனடாவின் ஸ்காபரோவில் வாழும் ஈழத்தமிழராகிய எங்களுள் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளன்று அவர் வாழ்க்கையைக் கூறும் சிறுநூலொன்றை அச்சிட்டு உறவினர்க்கு வழங்குவர். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். ஊரில் ஆசிரியனாயிருந்த நான் ஆண்டுகள் பலவாக அவற்றை எழுதி வருகிறேன். எங்கள் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் வாழும் ஒரு பெண் அவற்றைக் கணினியில் தட்டெழுதித் தருவாள். என் கையெழுத்தைத் தடுமாறாமல் படிப்பவள் அவள் ஒருத்தியே.

சென்ற மாரியில் ஒரு வரலாற்றுக் கட்டுரையை அவளிடம் கொடுத்தேன். பழைய வன்னிச் சிற்றரசு ஒன்றைப் பற்றியது. தந்தை இறக்க, மூன்று வயதில் முடிக்கு உரியவனான இளவரசன் ஏழு வயதில் காய்ச்சலால் மாண்டான். அதுவரை அவன் பெயரால் ஆண்டவன் சிற்றப்பன்.

அவள் தட்டெழுதுவதை நிறுத்தினாள்.

“மாஸ்ரர், சிற்றப்பன் வெட்டின குளத்துக்கு மூண்டு பக்கம். பெடியனுக்கு ஒரு வரியோ?”

“ஆளாதவனைப் பற்றி எழுத என்ன கிடக்கு, பிள்ளை?”

“ஏழு வருசம் இருந்திருக்கிறானெல்லோ. உங்கட குளம் மாதிரிச் சும்மா கிடந்திருப்பானே?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “அப்பான்ரை கல்வெட்டிலையும் இப்பிடித்தான் செய்தனீங்கள்,” என்றாள்.

முந்திய ஆண்டு அவள் தந்தைக்கு நான் எழுதிய கல்வெட்டில், பேரப்பிள்ளைகள் வரிசையில் அவளுடைய பிள்ளைகள் இருவரைக் குறித்திருந்தேன். அவர்களுக்கு முன்னே ஒருவன் பிறந்து, பதினொரு மாதத்தில் இறந்ததை அறிவேன், அடக்கத்துக்கும் போயிருந்தேன். குழந்தைக்கு முப்பத்தொன்றும் இல்லை, கல்வெட்டும் இல்லை. வழக்கம் அதுவாதலால் அவனை விட்டுவிட்டேன். அப்பக்கத்தைத் தட்டெழுதியவளும் அவளே.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, பிள்ளை.”

“மாஸ்ரர் எழுதினால் சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன். அச்சடிச்சு வந்தாப்பிறகு பாத்தால், அவன் பிறக்கவே இல்லை மாதிரிக் கிடந்தது.”

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “அவனைப் பற்றிச் சொல்லு. எழுதுறன்,” என்றேன்.

“என்னத்தைச் சொல்ல? பிள்ளையை வைச்சுத் தள்ளுற ஸ்ரோலரை ஏத்தேக்கை பஸ் ‘உஸ்’ எண்டு வாசல் பக்கம் சரிஞ்சு பதியுமெல்லோ, அதுக்குச் சிரிப்பான். ‘என்ரை ராசாவுக்குக் கும்பிடு போடுது’ எண்டு சொல்லுவன். ஒருநாள் ட்றைவர் அவனுக்காகவே ரெண்டாந்தரமும் பதிச்சுக் காட்டினவர்.”

வீடு திரும்பிக் குறிப்பேட்டைப் புரட்டினேன். பட்டத்து யானைமேல் ஏற்றியபோது இளவரசன் அஞ்சி அழுதான் என்றும், இறக்கி நடத்திச் சென்றனர் என்றும் கோயில் ஏடொன்றிலிருந்து குறித்து வைத்திருந்தேன். அரசர் வரலாற்றுக்கு ஒவ்வாதென்று நானே அதை அடித்திருந்தேன். அவ்வரியை மீட்டுக் கட்டுரையில் சேர்த்தேன். பின்னர் அவள் மகனுக்கு ஒரு பக்கக் கல்வெட்டு எழுதினேன்: பிறந்த நாள், பெற்றோர், உடன்பிறந்தோர், இறந்த திதியைக் கூறும் வெண்பா. பேருந்து பணிந்ததும் பிள்ளை சிரித்ததும் வெண்பாவுள் அமைந்தன.

அவள் இருமுறை படித்தாள்.

“சிரித்தான் எண்டு போட்டிருக்கிறியள். அவன் சும்மா சிரிக்கிறேல்லை, மாஸ்ரர். கெக்கட்டம் விட்டுச் சிரிப்பான்.”

“அதைப் போட்டால் வெண்பா தளை தட்டும், பிள்ளை.”

“தட்டினால் ஆருக்கு நோகும்?”

அச்சொல்லைச் சேர்த்தேன். யாப்புப் பிழையோடு நான் வெளியிட்ட வெண்பா அது ஒன்றே. என் எழுத்தைத் திருத்தியோர் பலர். அவர்களுள் இவளுக்கே நான் பெரிதும் நன்றியுடையேன்.

நான்கு படிகள் அச்சிட்டோம். ஞாயிறு பிற்பகல் நானும் உடனிருக்க அவள் தன் பிள்ளைகள் இருவரையும் சமையலறை மேசைக்கு அழைத்து, அண்ணனின் கல்வெட்டைப் படித்துக் காட்டினாள்.

“அம்மா, வாட் இஸ் கெக்கட்டம்?” என்று இளையவள் கேட்டாள்.

தாய் தாளைக் கீழே வைத்தாள். தலையைப் பின்னே சாய்த்து, அவன் சிரித்தவாறே சிரித்துக் காட்டினாள்.