பெயர் எழுத வேண்டாம்

சிதம்பரத்தில் சமூகப்பணி முதுகலை படித்த கடைசி வருடம், நர்சுகளுக்கு வேலையிடத்தில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று அளப்பதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அளப்பது என்றால் வினாத்தாள்தான். 'என் பணி நேரத்தை முடிவு செய்யும்போது என்னையும் கேட்கிறார்கள்' என்பது மாதிரி வாக்கியங்கள். எதிரே 'முழுவதும் சரி' என்பதில் தொடங்கி 'சரியே இல்லை' வரை கட்டங்கள். டிக் அடித்தால் போதும். தாளின் தலையில் 'பெயர் எழுத வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தேன்.

கடலூரில் ஒரு மருத்துவமனையில் அனுமதி கிடைத்தது. நர்சுகள் மதியம் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துப் போவேன்.

"என்னா தம்பி, பரிட்சையா? பெயிலாப் போனா வீட்டுக்கு அனுப்பிடுவியா?" என்று சிரிப்பார்கள்.

ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, என் பேனாவை வாங்கி, முதல் வேலையாக மேலே தன் பெயரை எழுதினார்.

"பேரு வேணாங்க்கா. யாரு எழுதுனதுன்னே தெரியக் கூடாது."

"பேரு இல்லாம யாருக்குன்னு டிரான்ஸ்பர் போடுவாங்க?"

அவர் வீடு திட்டக்குடியில். கணவர் வெளிநாட்டில் கொத்தனார். சின்னப் பையனை நாத்தனாரிடம் விட்டுவிட்டு இங்கே விடுதியில் தங்கியிருந்தார். லீவு கிடைக்கிற அன்று விருத்தாசலத்தில் பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தது எந்த மேசையில் கிடந்ததோ தெரியவில்லை.

"முன்னல்லாம் என்னப் பாத்தா ஓடியாருவான் தம்பி. இப்ப அவ முந்தானயப் புடிச்சிக்கிட்டு எட்டிப் பாக்குறான். பள்ளிக்கொடத்துல சேக்குறதுக்குள்ள நான் அங்க போயிடணும்."

இது என் படிப்புக்கான தாள், இதனால் மாறுதல் வராது, இங்கே யாரும் இதைப் பார்க்கவும் மாட்டார்கள் என்று விளக்கினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தெரியுது தம்பி. நீ அப்படித்தான் சொல்லணும்." ரகசியம் என்று நான் சொல்லச் சொல்ல, அந்தத் தாள் அவருக்குப் பெரிய இடத்துச் சமாச்சாரமாகிக்கொண்டே போனது.

அதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை. குமராட்சிப் பக்கம் எங்கள் தெருவில் கொள்ளிடத்துத் தண்ணீர் புகுந்து வடிந்ததும், கையில் தாளோடு யாராவது வருவார்கள். பெயர் ஏறினால் அரிசி உண்டு; விட்டுப்போனால் இல்லை. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். பெயர் ஏறியிருக்கிறதா என்று அப்பா என்னைத்தான் பார்த்துச் சொல்லச் சொல்வார். பெயர் எழுதாதே என்கிற தாளை நானும் அதுவரை கண்டதில்லை.

வேறு தாள் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் 'முழுவதும் சரி' என்று அடித்துக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "அடிப்பாவி! நைட் டூட்டிய உன்னக் கேட்டா போடுறாங்க?"

"குறை சொல்லிட்டு ஒண்ணு கேட்டா எவன் குடுப்பான்? நீ சோத்தத் தின்னு."

பெயரை எழுதவில்லை. கடைசியில் 'வேறு கருத்து' என்ற இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை எழுதினார்: திட்டக்குடி.

"இதக் கணக்குல சேக்க முடியாது, வுட்டுடுப்பா" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். டிக்குகள் மட்டும் கணக்கில் சேர்ந்தன. கூட்டிப் பார்த்தபோது, என் ஆய்விலேயே அதிக அதிகாரம் உள்ள நர்ஸ் அந்த அக்காதான். என்ன செய்வதென்று தெரியாமல், சராசரி எடுத்து 'நடுத்தரம்' என்று எழுதி முடித்தேன்.

ஆய்வின் பிரதியைக் கொடுக்கத் திரும்பக் கடலூர் போனேன். ஜூன் பிறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா வராந்தாவுக்கு வந்தார்.

"வந்துடுச்சா தம்பி?"

"இல்லக்கா. வராதுக்கா. அந்தத் தாளு யாருகிட்டயும் போவல. காலேஜ்ல கட்டி வெச்சிருக்குது, அவ்ளோதான்."

இந்த முறை நம்பிவிட்டார். பேனா செருகியிருந்த என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"அப்ப, எங்களக் கேக்க வேற யாரு வருவாங்க?"

அவர் செல்போனை எடுத்து நம்பர் போட்டார். பையன் சாப்பிடும் நேரம் அது. அவனே எடுத்தான்; எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

"சாமி, சாப்ட்டியா? யாரு பேசுறதுன்னு சொல்லு பாப்போம்?"

போனிலிருந்து வாயை எடுத்துவிட்டுப் பையன் கூப்பிடுவது கேட்டது: "அம்மா, இந்தா, ஒனக்குப் போனு."

நாத்தனார் வந்து பேசினார்.

"சரி... சரி. அழ வுடாத. சோத்த நல்லா ஆறவெச்சி ஊட்டு" என்றார் அக்கா. எதிர்முனையில் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.