லென்ஸுக்குப் பின்னால்

பழைய பிலிம் கேமரா அசலா போலியா, என்ன விலை பெறும் என்று சொல்வதுதான் அவளுக்குத் தொழில். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்க மாட்டாள். முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவாள். ஆனால் பொய் மட்டும் சொன்னதில்லை. அதனாலேயே கடைக்காரர்கள் எல்லாரும் அவளிடம்தான் ஆளை அனுப்புவார்கள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே சித்தப்பாவின் மேலிருந்த வயிற்றெரிச்சலில்தான். அப்பா இறந்த வாரம், அவர் உயிராக வைத்திருந்த கேமராவைச் சித்தப்பா புரட்டிப் பார்த்தார். "போலி அண்ணி இது. அண்ணனை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்," என்று பையில் போட்டுக்கொண்டு போனார். போனவர் அதையே அசல் என்று விற்று வீட்டுக்கு மாடி எடுத்தார். அம்மாவோ, கட்டியவரை விவரமில்லாதவர் என்று திட்டியபடியே போய்ச் சேர்ந்தாள். அதைத்தான் இவளால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சித்தப்பா இன்று வேறு வழியில்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு கேமரா.

"ரிட்டயர் ஆன காசு மொத்தமும் இதுலதான் போட்டிருக்கேன். மேல கம்பெனி பேர் எழுத்தைப் பாரும்மா, எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கு."

எழுத்தை எந்தப் பட்டறையிலும் வெட்டலாம். அவள் லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே பார்த்தாள். லென்ஸின் பின்புறத்தைத் தொட்டு நகரும் சின்னக் கை ஒன்று அங்கே உண்டு. போலியில் அதன் முனை வெறும் தகடு. அசலில் ஒரு குட்டி உருளை. விரலால் தொட்டாள். உருளை சுழன்றது.

இத்தனை வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தாள்.

"போலி," என்றாள்.

சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது. "வேற யார்கிட்டயாவது காட்டட்டுமா?"

"தாராளமா காட்டுங்க. அவங்களும் இங்கதான் அனுப்புவாங்க."

சித்தப்பா நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்தார். "பழசை மனசுல வச்சுட்டு சொல்றியா? அண்ணன் அந்தக் கேமராவை வாங்கும்போது நானும் கூட இருந்தேன்மா. அசல்னு தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போனேன்."

"இதை அம்மாகிட்ட இல்ல சொல்லியிருக்கணும்?"

"தப்புதான். இப்ப உண்மையைச் சொல்லும்மா."

அவள் லென்ஸை மாட்டி, கேமராவை அவர் கையில் வைத்தாள். "போலிதான் சித்தப்பா."

மனசு ஜில்லென்று இருந்தது. துளியும் உறுத்தவில்லை. அவர் வாசல் வெளிச்சத்தில் நின்று மேலெழுத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. இவள் சொல்லவும் இல்லை.